வடக்குக் குழியின் ஈரம்

ஹைதராபாத்,
12 ஜனவரி 2024

திரு. மு. நந்தகுமார் அவர்களுக்கு,

பொருள்: தங்கள் நிலத்தில் ஆய்வுக் கருவி வைக்க அனுமதி கேட்டல்.

சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே, கொல்லிமலை அடிவாரத்தில் தங்களுக்கு உள்ள இரண்டு ஏக்கர் மேட்டுக்காட்டில், ஆறு மாதத்துக்கு ஒரு கருவியை வைக்க எங்கள் நிறுவனம் விரும்புகிறது. பூமிக்குள் பல நூறு கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள பாறை மின்சாரத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதை அறிவதற்கான கருவி அது. நான்கு திசையிலும் நான்கு குழி தோண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மின்முனையைப் புதைப்போம். நடுவில் ஒரு பெட்டி இருக்கும். அருகில் மோட்டார், மின்வேலி, ஈபி கம்பி எதுவும் இருக்கக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெட்டியில் உள்ள மெமரி கார்டை மாற்றி, பழையதைக் கூரியரில் அனுப்ப வேண்டும். தளத்தில் நடப்பதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். குழிகள் காய்ந்துவிடாமல் கவனித்துக்கொள்ள வேண்டும்.

தங்கள் சம்மதத்தை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

முனைவர் ந. அறிவுச்செல்வி

பின்குறிப்பு: கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு உங்கள் பெயரை இனிஷியலோடு எழுதுவது இதுதான் முதல் தடவை. போன அக்டோபரில் நீங்கள்தான் "இனிமே போன் பண்ணாத அறிவு, பண்ணுனா சண்டைதான்" என்றீர்கள். அதனால்தான் கடிதம். சேலம், நாமக்கல் மாவட்டம் முழுக்கத் தேடிவிட்டோம். கரண்டும் இல்லாமல் போரும் ஓடாமல் கிடக்கும் இடம் உங்கள் காடு ஒன்றுதான். வேறு இடம் கிடைத்திருந்தால் தொந்தரவு கொடுத்திருக்க மாட்டேன்.


சேந்தமங்கலம்,
20.1.2024

மரியாதைக்குரிய விஞ்ஞானி அம்மையார் அவர்களுக்கு,

பொருள்: என் பெண்டாட்டி எனக்குப் போட்ட விண்ணப்பம் கிடைத்தது.

கவரில் நிறுவனத்து முத்திரையைப் பார்த்து, விவாகரத்து நோட்டீஸ்தான் வந்துவிட்டது என்று நினைத்தேன். பட்டறையில் கோழிப்பண்ணை மோட்டார் ஒன்றுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை சுற்று சுற்றினேன் என்பதே மறந்துபோய், முழுதும் பிரித்து மறுபடி கட்டினேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு உன் நிறுவனம் எனக்குப் பதில் சொல்லட்டும்.

அங்கம்மாள் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏன்டா, கட்டுனவ கடுதாசி போட்டா 'திரு'ன்னா போடுவா? நீ என்ன தாசில்தாரா?" என்று கேட்டாள். அக்கா பக்கத்து வீட்டிலிருந்து இன்னும் எனக்குச் சோறு கொண்டுவந்து வைக்கிறாள். வைக்கும்போதெல்லாம் உன் பேரைச் சொல்லித்தான் வைக்கிறாள்.

ஆயிரத்து நூறு அடி போர் ஓட்டியும் புழுதி கக்கின காடு அது. யாருக்கும் ஆகாமல் கிடந்தது உனக்காவது ஆகிறதே. வந்து வைத்துக்கொள். சம்மதம், சம்மதம், சம்மதம். மூன்று தடவை எழுதியிருக்கிறேன். எழுத்தில் எதிர்பார்த்தாயே.

மு. நந்தகுமார்


ஹைதராபாத்,
10 பிப்ரவரி 2024

நந்தகுமார் அவர்களுக்கு,

நான்காம் தேதி கருவியை வைத்துவிட்டுத் திரும்பிய பிறகு எழுதுகிறேன். கருவி நன்றாக ஓடுகிறது.

இருபது மாதம் கழித்து உங்களை நேரில் பார்த்தேன். நீங்கள் என்னிடம் பேசியது மொத்தம் இரண்டு வாக்கியம். "மண்வெட்டி வேணுமா?" ஒன்று. "வண்டிக்கு நேரமாச்சு" இன்னொன்று. கூட வந்த இருவரும் உங்களை நிலத்துக்காரர் என்றே நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை.

அக்கா இலை போட்டு வைத்த சோற்றைச் சாப்பிடாமல் கிளம்பியது தப்பு. கோபத்தினால் இல்லை. அந்த வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்துவிட்டேன். அவர்களிடம் சொல்லுங்கள்.

வடக்குக் குழியை நானே மண் பூசி மூடினேன். மற்ற மூன்றும் வேலையாட்கள் மூடியவை.

அறிவுச்செல்வி


சேந்தமங்கலம்,
2.3.2024

அறிவுக்கு,

கார்டு அனுப்பியிருக்கிறேன். முட்டை அட்டையில் ஒரு குழியை வெட்டி அதற்குள் வைத்திருக்கிறேன், உடையாது. நாமக்கல்லில் இருந்து வேறு எதில் வைத்து அனுப்புவது?

அக்காவிடம் சொன்னேன். "அந்த பயத்தை ஊட்டுக்குள்ள வந்து பட்டிருக்கலாமில்ல" என்றாள். அப்புறம் சித்த நேரம் அழுதாள்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. பதினெட்டு வருசமாக மோட்டாருக்குள் கரண்ட் விட்டுப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். உன் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டேன். கரண்ட் வெளியே போகிற வழியே இல்லை. கரண்டே விடாமல் எதை அளக்கிறாய்? ஊரில் கேட்கிறார்கள், எனக்கும் பதில் தெரியவில்லை. "அடியில தண்ணி பாக்கறாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மூன்று குழி வேப்பமர நிழலில் இருக்கிறது, பரவாயில்லை. வடக்குக் குழி மட்டும் வெட்டவெளியில் கிடந்து வெடிப்பு விடுகிறது. நீ வெசனப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

நந்தகுமார்


ஹைதராபாத்,
28 மார்ச் 2024

நந்தகுமார் அவர்களுக்கு,

குழியைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி.

ஊரில் நீங்கள் சொல்லி வைத்தது முழுப் பொய் இல்லை. நாங்கள் கரண்ட் விடுவதில்லை, சூரியன் விடுகிறது. அங்கிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது. அது பூமியின் காந்தத்தை அசைக்கிறது. காந்தம் அசைந்தால் என்ன நடக்கும் என்று மோட்டார்க்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? மண்ணுக்குள் கரண்ட் ஓடும். வேகமான அசைவு மேலோடு நின்றுவிடும். மெதுவான அசைவு ஆழம் போகும். ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கும் அசைவு, மேலோட்டைத் தாண்டி, அதற்கு அடியில் உள்ள மேல் கவசம் என்கிற பாறை அடுக்கு வரைக்கும், பல நூறு கிலோமீட்டர் போகும். அங்கே பாறை சூடாகவோ, சிறிது உருகியோ, பாறைக்குள்ளேயே நீர் ஊறியோ இருந்தால் கரண்ட் எளிதாக ஓடும். காய்ந்து கிடந்தால் ஓடாது. மின்முனைகளுக்கு நடுவே தெரியும் மில்லிவோல்ட் கணக்கை வைத்து, அங்கே எப்படி இருக்கிறது என்று ஊகிக்கிறோம்.

யாரும் போக முடியாத இடம் அது. போர் ஓட்டிப் பார்க்கவும் முடியாது. வெளியே நின்றுகொண்டு, அது தானாகக் காட்டுவதை வைத்துத்தான் உள்ளே என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். சொன்னால் கோபப்படாதீர்கள், எட்டு வருடம் உங்களோடு குடும்பம் நடத்தியதும் அப்படித்தான்.

சேலம் ஜங்ஷனில் அன்றைக்கு நீங்கள் என்ன நினைத்துக்கொண்டு நின்றீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த வேலை கிடைத்தபோது "போ" என்றீர்கள். பெட்டியைச் சுமந்து வந்து சீட்டுக்கு அடியில் தள்ளினீர்கள். தண்ணீர் பாட்டில் வாங்கித் தந்தீர்கள். வண்டி ஐந்து ஐம்பத்திரண்டுக்கு நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கடைசியில் "பாத்துப் போ" என்றீர்கள். "போகாதே" என்று ஒரு வார்த்தை. அல்லது "நானும் வாரேன்" என்று ஒரு வார்த்தை. வண்டி பொம்மிடி தாண்டும்வரை காத்திருந்தேன், போனிலாவது சொல்வீர்கள் என்று.

அறிவு


சேந்தமங்கலம்,
16.5.2024

அறிவுக்கு,

உன் கடிதத்துக்கு ஒன்றரை மாதம் பதில் போடவில்லை. கார்டுகள் மட்டும் அனுப்பினேன். கோபம்தான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நீ என்னைக் கேட்கிறாய். நீ கேட்டாயா? "வாங்க, அங்க போய்ப் பொழச்சுக்கலாம்" என்று ஒரு தடவை கூப்பிட்டாயா? பெரிய படிப்புப் படித்தவள் போகிற ஊருக்கு, கையெல்லாம் வார்னிஷ் ஒட்டின காயில்காரன் எதற்கு என்று நினைத்திருப்பாய் என்று நான் நினைத்தேன். கூப்பிடாத இடத்துக்கு வரக் கூடாது என்று எனக்கும் ஒரு ரோசம் இருக்கிறதல்லவா. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது எதற்கு என்று நினைத்தாய்? கூப்பிடுவாய் என்றுதான். "பாத்துப் போ" என்றது வேறு எதுவும் வாயில் வராததால்.

சரி, அது கிடக்கட்டும்.

பத்தாம் தேதி சூரியனில் பெரிய புயல் என்று செய்தியில் சொன்னார்கள். மறுநாள் போய்ப் பெட்டி பக்கத்தில் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. வேப்பமரத்தில் காக்கா கத்தியது. ஆனால் நீ அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பாய் என்று தோன்றியது, அதனால் கொஞ்ச நேரம் நின்றேன்.

இங்கே வெயிலுக்குக் கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாகின்றன. பண்ணைகளில் பனித்தூறல் மோட்டார் ராவும் பகலும் ஓடி எரிந்து என்னிடம்தான் வருகிறது. நிமிர நேரமில்லை. ஆனால் காலையில் காட்டுக்குப் போய்க் குழியைப் பார்க்காமல் பட்டறையைத் திறப்பதில்லை.

நந்தகுமார்


ஹைதராபாத்,
8 ஜூலை 2024

மாமா,

ஆமாம், அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.

உங்கள் காட்டுக்கு அடியில், முந்நூறு கிலோமீட்டருக்குக் கீழே, பாறை ஈரமாக இருக்கிறது! ஒரு நாள் கணக்கில் ஏறி இறங்கும் அலை, வடக்கு - தெற்கு முனைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய அளவில் பாதிதான் இருக்கிறது. அப்படியென்றால் கீழே கரண்ட் தடையில்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம். குடிக்கிற தண்ணீர் இல்லை, படிகத்துக்குள் ஊறிய நீர். இவ்வளவு பழைய கெட்டிப் பாறைப் பகுதியில் யாரும் எதிர்பார்க்காதது. முதல் மாதத்தை, குழி பதப்படும் காலம் என்று ஒதுக்கிவிட்டேன். ஜூனில் ஐந்து நாள் மட்டும் கெட்டுப்போயிருந்தது, அதையும் வெட்டிவிட்டேன். மிச்சம் எல்லாம் ஒரே சீர்.

இயக்குநர் என் மேசைக்கே வந்து கைகொடுத்தார். ஜெர்மனியில் ஒரு குழுவுக்கு அனுப்பினோம். இரண்டு வருட வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 31-க்குள் பதில் சொல்ல வேண்டும்.

இந்தத் தடவை கேட்டுவிடுகிறேன், அப்புறம் கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது. நான் என்ன செய்யட்டும், மாமா?

அறிவு


சேந்தமங்கலம்,
15.7.2024

அறிவுக்கு,

கடிதம் கிடைத்தது. ரொம்ப சந்தோசம். அக்கா மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறேன் என்றாள்.

கார்டு வைத்திருக்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

நந்தகுமார்


சேந்தமங்கலம்,
27.7.2024

அம்மிணி,

பன்னிரண்டு நாளாக இதை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஈரம் பூமிக்கு அடியில் இல்லை. நான் ஊற்றினது.

மார்ச் ஆறாம் தேதியிலிருந்து, தினமும் காலை ஆறு பத்துக்கு, வடக்குக் குழியில் ஒரு குடம் தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. வீட்டிலிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் குடத்தைக் கட்டிக்கொண்டு போய் ஊற்றினேன். எந்த எர்த் குழியானாலும் அப்படித்தான் செய்வோம். கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் விட்டால்தான் எர்த் நிற்கும். காயக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய். காயாமல் பார்த்துக்கொண்டேன்.

குறிப்பேட்டில் எழுதவில்லையே என்று கேட்பாய். தினமும் பல் தேய்த்ததை யாராவது எழுதுவார்களா? எனக்கு அது ஒரு காரியமாகவே படவில்லை.

"வடக்கு - தெற்கு", "ஒரு நாள் கணக்கு" என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் என் குடம்தான் ஞாபகம் வந்தது. நான் காயில் கட்டுகிறவன், நாலு முனையில் ஒன்றுக்கு மட்டும் தினமும் ஒரே நேரத்தில் உப்புத் தண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்று ஊகிக்கத் தெரியாதவன் இல்லை. ஜூன் 11 முதல் 15 வரை நான் ஊற்றவில்லை. நீ கெட்டுப்போனது என்று வெட்டின ஐந்து நாள் அதுதானா என்று பார்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். சொல்லாவிட்டால் நீ ஜெர்மனி போய்விடுவாய். சொன்னால், உன்னைப் போகவிடாமல் பிடித்து வைக்க நான் கதை கட்டுகிறேன் என்று நினைப்பாய். எப்படிப் பார்த்தாலும் நீ எனக்கு இல்லை. அப்படியானால் உன் பேர் கெடாமலாவது இருக்கட்டும் என்று எழுதிவிட்டேன். நாளைக்கு வேறு எவனாவது கண்டுபிடித்து உன்னைப் பார்த்துச் சிரித்தால் என்னால் தாங்க முடியாது.

இன்றிலிருந்து ஊற்றவில்லை.

நந்தகுமார்


ஹைதராபாத்,
5 ஆகஸ்ட் 2024

திரு. மு. நந்தகுமார் அவர்களுக்கு,

குழி காய்ந்தால் கவனிக்க வேண்டும் என்றால், எனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பொருள். உப்பைப் போட்டு ஊற்றச் சொல்லி நான் எங்கேயும் எழுதவில்லை.

ஜூன் 11 முதல் 15. சரியாகத்தான் இருக்கிறது. அந்த ஐந்து நாளிலும் அலை முழு அளவில் வந்திருக்கிறது. கெட்டது என்று நான் தூக்கிப் போட்டவைதான் நல்ல நாட்கள். இதை இயக்குநர் முன்னால் நின்று நானே சொன்னேன். அறையில் ஏழு பேர் இருந்தார்கள். ஒருவர், "உங்க ஊர்ல பூமிக்கே உப்புப் போட்டுச் சமைப்பீங்களா மேடம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒன்று கேட்கிறேன். நான் "என்ன செய்யட்டும்" என்று கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவே இல்லை. அதற்குப் பதில் இதைச் சொன்னீர்கள். போகாதே என்று சொல்ல வாய் வராதவர், போக முடியாதபடி மட்டும் செய்துவிட்டீர்கள். வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நினைக்கவில்லை. ஆனால் அப்படி நினைக்காமல் இருக்க எனக்கு மிகவும் சிரமமாக இருக்கிறது.

இனி கார்டும் குறிப்பேடும் மட்டும் அனுப்பவும். கடிதம் வேண்டாம். குழிப் பக்கம் போக வேண்டாம்.

ந. அறிவுச்செல்வி


சேந்தமங்கலம்,
22.8.2024

தளக் குறிப்பேடு

9.8.24. பேட்டரி 12.6. குறிப்பு: இல்லை.
12.8.24. பேட்டரி 12.5. பொழுதோட மழை, அரை மணி நேரம். குறிப்பு: வேறு இல்லை.
15.8.24. பேட்டரி 12.6. குறிப்பு: இல்லை.
18.8.24. பேட்டரி 12.6. குறிப்பு:
21.8.24. கார்டு மாற்றினேன். குறிப்பு: இல்லை.

மு. நந்தகுமார்


ஹைதராபாத்,
30 ஆகஸ்ட் 2024

மாமா,

கடிதம் வேண்டாம் என்றவள் நான். நானே எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை மாதமும் நான் மணிக்கு ஒரு சராசரி போட்டுத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நொடிக்கு நொடி விரித்துப் பார்த்திருந்தால் முதல் வாரமே பிடித்திருக்கலாம். ஈரம் கிடைத்துவிட்டது என்ற ஆசையில் பார்க்கவில்லை. ஏழு பேரும் சிரித்தது என்னைப் பார்த்துத்தான், உங்களைப் பார்த்து இல்லை.

போன வாரம் எல்லாக் கார்டையும் நொடிக்கு நொடி விரித்துப் பார்த்தேன். ஆறு பத்துக்கு வடக்கு முனையில் செங்குத்தாக ஒரு படி ஏறுகிறது. அப்புறம் நாள் முழுக்க மெல்ல இறங்குகிறது. மறுநாள் மறுபடியும் ஒரு படி. எண்ணினேன். நூற்று முப்பத்தெட்டு. ஏப்ரல் பதினான்கு, வருசப் பிறப்பு அன்றைக்குக்கூட ஆறு பத்து. ஏப்ரல் பத்தொன்பது, எலெக்‌ஷன் அன்றைக்கு ஐந்து நாற்பது, ஓட்டுப் போட வரிசையில் நிற்கப் போயிருப்பீர்கள். மே பதினொன்று, சூரியப் புயல் அடித்து எல்லாக் கோடும் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடுகிறது, அதற்கு நடுவிலும் ஆறு பத்துக்கு உங்கள் குடம்.

இருபது மாதமாக இவர் என்னை நினைப்பதே இல்லை என்று அழுதவள் நான். நீங்கள் வந்து போன நேரம் எல்லாம் என் மேசையில் இருந்திருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அதை நினைத்து அலுவலகத்திலேயே அழுதேன். யார் பார்த்தால் என்ன.

மூன்று கேள்வி. மூன்றுக்கும் பதில் வேண்டும்.

ஜூன் 11 முதல் 15 வரை எங்கே போயிருந்தீர்கள்?

காய்ந்தது வடக்குக் குழி மட்டும்தான் என்றீர்கள். மே மாதத்தில் அந்த வேப்பமர நிழலில் உள்ள குழிகளும் காய்ந்திருக்கும். ஏன் அதற்கெல்லாம் ஊற்றவில்லை?

கடைசி கார்டில், ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வடக்கு முனையில் ஒரு படி இருக்கிறது. மழை என்றால் நான்கிலும் ஏறியிருக்கும். சின்னப் படி, அதனால் குடம் இல்லை, ஒரு செம்புதான். உப்பும் போடவில்லை. மற்ற நாளுக்கெல்லாம் "குறிப்பு: இல்லை" என்று எழுதியவர், அன்றைக்கு மட்டும் "குறிப்பு" என்று எழுதி விட்டுவிட்டீர்கள். அந்த இடத்தில் என்ன எழுத வந்தீர்கள்?

ஜெர்மனிக்கு உண்மையை எழுதிவிட்டேன். சுத்தமான ஆறு மாதக் கணக்கோடு வந்தால் மறுபடி பேசலாம் என்றிருக்கிறார்கள். அடியில் ஈரமா, வறட்சியா என்று இன்னும் ஆறு மாதம் கேட்டால்தான் தெரியும்.

அறிவு


சேந்தமங்கலம்,
6.9.2024

அம்மிணி,

ஒன்று. டைபாய்டு. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அக்கா உனக்குப் போன் போடுகிறேன் என்று நின்றாள், நான்தான் விடவில்லை. காய்ச்சலுக்கு வந்தவள் காய்ச்சல் விட்டதும் போய்விடுவாய், அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. படுத்துக்கொண்டே "குழி காயுது, குழி காயுது" என்று பிதற்றினேனாம். நர்ஸ் அக்காவிடம், "வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

இரண்டு. மற்ற மூன்றும் காய்ந்தது நிஜம். நான் பார்க்கவே இல்லை. வடக்குக் குழியில் நீ மண் பூசி அழுத்தினபோது உன் கை அப்படியே பதிந்துவிட்டது. ஐந்து விரலும் தெரிந்தது. மார்ச்சில் வெயில் ஏறி, சுண்டு விரல் பக்கத்திலிருந்து வெடிக்க ஆரம்பித்தது. அது உதிர்ந்துவிடக் கூடாது என்றுதான் முதல் நாள் தண்ணீர் தெளித்தேன். குடம் குடமாக ஊற்றினதில் ஒரு மாதத்தில் அது கரைந்தே போய்விட்டது. கரைந்த பிறகும் ஊற்றினேன். எர்த் குழி, உப்பு என்று நான் எழுதினது பொய்யில்லை. ஆனால் முழு நிஜமும் இல்லை.

மூன்று. நீ கடிதம் வேண்டாம் என்று எழுதின பிறகு, ஒரு வார்த்தை மட்டும் எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். ஒரே எழுத்து. பத்தாம் வகுப்புப் படித்தவன், எழுதத் தெரியாமல் இல்லை. எழுதினேன், கிழித்தேன். குறிப்பேட்டில் எழுத வந்தேன், "குறிப்பு" வரைக்கும் எழுதினேன், கை நின்றுவிட்டது. ஜங்ஷனில் வாய் நின்ற மாதிரியே.

அப்புறம் தோன்றியது. நான் ஊற்றினால் உனக்குத் தெரிகிறது. எழுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நான் ஊற்றாத நாளைக்கூடக் கண்டுபிடித்தாய், மணியும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். உன் வண்டி கிளம்பின நேரத்துக்குப் போய் ஒரு செம்பு ஊற்றினேன். குழிப் பக்கம் போக வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாய். உன் கணக்கைக் கெடுக்கிறேன் என்றும் தெரியும். மன்னித்துக்கொள், ஒரே ஒரு செம்பு.

அதற்கு அர்த்தம், வா.

நந்தகுமார்


ஹைதராபாத்,
12 செப்டம்பர் 2024

திரு. மு. நந்தகுமார் அவர்களுக்கு,

பொருள்: தங்கள் நிலத்தில் மீண்டும் ஆறு மாதம் அளவீடு செய்தல் தொடர்பாக.

முந்தைய அளவீட்டின்போது தளப் பொறுப்பாளர் அளவுக்கு மீறிக் கவனித்துக்கொண்டதால், இம்முறை ஆய்வாளரே தளத்தில் தங்கி மேற்பார்வை செய்ய வேண்டும் என்று நிறுவனம் முடிவு செய்திருக்கிறது. விண்ணப்பித்தது நான். ஆய்வாளர் தங்குவதற்குத் தங்கள் வீட்டில் இடம் உண்டா என்பதை எழுத்தில் தெரிவிக்க நேரமில்லை, டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஆறு மாதம் முடிந்து நான் எங்கே போனாலும், ஹைதராபாத்தோ ஜெர்மனியோ, நீங்களும் வர வேண்டும். கேட்டுவிட்டேன். எழுத்தில் கேட்டிருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் எரியாத ஊர் உலகத்தில் எங்கும் இல்லை.

அக்காவிடம் இலை போடச் சொல்லுங்கள். இந்தத் தடவை உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

21ஆம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரைக்கு சேலம் ஜங்ஷன். ஜன்னல் ஓரம்தான் சீட்டு. வண்டி நின்றதும் "வந்துட்டியா" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள், மாமா. வேறு ஏதாவது பேசுங்கள்.

வடக்குக் குழிக்கு இனி தண்ணீர் வேண்டாம்.

அறிவு